கை மெதுவு என்று சொன்னவருக்கு

எனக்கு ஒருவர்மேல் கறுவம் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நெல்லியடியில் ஓர் அச்சுக்கடையில் பதினொரு வருடம் ரைப் அடித்தேன். கல்யாண அட்டை, பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீட்டு அட்டை, செத்தவீட்டு நினைவு மலர் எல்லாம் என் கையால்தான் போயின. ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, உமக்கு இப்ப கை மெதுவு. சனம் காத்து நிக்குது. நீர் வீட்டிலை இருந்து சின்னச் சின்ன வேலையளைச் செய்யுமன்" என்றார். போகும்போது தன் மேசையிலிருந்த பழைய கணினியைத் தூக்கித் தந்தார். "உது நல்லா ஓடும்" என்றும் சொன்னார். நான் ஒரு மடைச்சி, கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அது ஓடவில்லை, தவழ்ந்தது. மலரின் ஒரு பக்கத்தில் படம் ஒன்றை வைத்தால், நான் தேத்தண்ணி வைத்துக் குடித்து முடிக்கும்வரை திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அவரோ கடைக்கு வருகிறவர்களிடம், "அவவிட்டைக் குடுத்தால் முப்பத்தொராம் நாளுக்கு வராது, வருசம் முடிஞ்சு ஆட்டைத் திவசத்துக்குத்தான் வரும்" என்று சொல்லிச் சிரித்தாராம். மூன்று வருடம் நானும் என் விரல்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவருடைய தாயார் காலமானார். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, என்று அவருடைய கடை பூட்டியிருந்தது. செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த அவருடைய தமக்கை என் வீடு தேடி வந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சனத்துக்குக் கொடுக்கும் நினைவு மலரை என்னிடம் ஒப்படைத்தார். முன்பு அவவின் மகளுடைய சாமத்திய வீட்டு அட்டையை நான் செய்தது அவவுக்குப் பிடித்திருந்ததாம். நான் ஓம் என்றேன். மனதுக்குள் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். அந்த மலரில் ஒரு எழுத்துப்பிழை இருக்கக் கூடாது, ஒரு நாள் பிந்தக் கூடாது. இந்த மனுசனின் மூக்கை அவருடைய வீட்டு முற்றத்திலேயே வைத்து உடைக்க வேண்டும்.

தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, எண்பது படங்கள். இருபதாவது படத்தைத் தாண்டிக் கணினி அசைய மறுத்தது. யாழ்ப்பாணத்தில் பழைய உதிரிப்பாகம் விற்கும் கடைக்கு, பெட்டியின் உள்ளேயும் வெளியேயும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியின் முகப்பில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரைப் பார்த்த கடைக்காரர், "உதிலை இருக்கிற புரொசெசரே நல்லது அக்கா, ஏன் இழுக்குது எண்டு தெரியேல்லை. அதுக்கு மேலே ஒண்டு இருக்கு, கொண்டுபோய்ப் போடுங்கோ" என்று ஒன்றைப் பொதி செய்து தந்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, மேலே இருந்த விசிறியைக் கழற்றினேன். அடியில் காய்ந்திருந்த பசையைத் துடைத்தபோது புரொசெசரின் முதுகில் எழுத்துத் தெரிந்தது. ஸ்ரிக்கரில் இருந்த பெயர் இல்லை அது. அந்த வரிசையிலேயே ஆகக் கடைசி, ஆக மலிவான வகை. நல்லதைக் கழற்றி எடுத்துவிட்டு, இந்தக் குப்பையைச் செருகி, "நல்லா ஓடும்" என்று என் தலையில் கட்டியிருக்கிறார்.

என் கைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கணத்தில் ஆள் எதிரே நின்றிருந்தால் அந்த விசிறியாலேயே எறிந்திருப்பேன். ஆத்திரத்தில் இதையும் அதையும் பிடுங்கிப் போட்டு, புதியதைச் செருகி, பசை தடவி, விசிறியைப் பூட்டி, சுவிட்சைப் போட்டேன்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

மெமரியைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துப் போட்டேன். கறுப்பு. வட்ட பற்றரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போட்டேன். கறுப்பு. கடைக்காரரிடம் போன் எடுத்தேன். "வயரெல்லாம் குத்தினனீங்களோ அக்கா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதோ தம்பி, எல்லாம் குத்தித்தான் கிடக்கு" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அந்த மனுசன் என்ன செய்தார்.

மறுநாள் காலையில் தமக்கை போன் எடுத்தா. "பிள்ளை, என்ரை தம்பி சொல்லுறான், உங்களை நம்பி இருக்க வேண்டாமாம். துடக்கெண்டாலும் பரவாயில்லை, தானே கடையைத் திறந்து செய்யிறானாம். நாளைக்கு மத்தியானம் உங்களாலை வேற அச்சகத்துக்குக் குடுக்க ஏலுமோ?"

"ஏலும் அக்கா" என்றேன். கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

பிறகு புதியதைக் கழற்றிவிட்டு அந்தப் பழைய குப்பையையே திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் படம் வரவில்லை. அப்போதுதான் புத்தி வந்தது. நேற்றுவரை வேலை செய்த சாமான் இன்றைக்குச் செய்யவில்லை என்றால், பிழை புரொசெசரில் இல்லை, நான் செய்த ஏதோ ஒன்றில். முகம் கழுவிவிட்டு வந்து, கடைக்காரருக்குக் காட்டிய படத்தைப் போனில் பெரிதாக்கி, ஒவ்வொரு வயராக ஒப்பிட்டேன். படத்தில், மதர்போட்டின் மேல் மூலையில், நாலு கம்பியுள்ள சின்னச் செருகி ஒன்று குத்தியிருந்தது. புரொசெசருக்கு மின்சாரம் கொடுக்கிற வயர் அதுதான். என் பெட்டியில் அது டிரைவின் பின்னால் தலைகீழாகத் தொங்கியது. என் ஆத்திரம்தான் அதைப் பிடுங்கியிருந்தது. முதலாளியை எவ்வளவு திட்டினேனோ அவ்வளவு என்னையும் திட்டிக்கொண்டு, புதியதைப் போட்டு, செருகியைக் குத்தினேன்.

திரை வெளிச்சமானது. எண்பது படங்களும் கண் மூடித் திறக்கும் முன் வந்து உட்கார்ந்தன. நான் அழுதேன், சந்தோசத்தில் இல்லை. அந்த மூன்று வருடத்தை நினைத்து.

வம்சாவளியில் முதலாளியின் பெயரை விட்டுவிடலாமா என்று விரல் ஒரு தரம் நின்றது உண்மை. விடவில்லை. பிழை விட்டால் அவர் சொன்னது சரியாகிவிடும். நாலு தரம் ஒப்பு நோக்கி, மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே அச்சகத்தில் கொடுத்தேன். பின் அட்டையில் என் பெயரும் தொலைபேசி இலக்கமும், எங்கள் பக்கத்து வழக்கப்படி.

அந்தியேட்டிக்குப் போனேன். வயிறாரச் சாப்பிட்டேன், பாயசம் இரண்டு தரம் வாங்கினேன். மகன் என்றபடியால் வாசல் படலையடியில் நின்று மலர் கொடுத்தவர் அவர்தான். என்னைக் கண்டதும் ஒன்றை எடுத்தார், ஆனால் நீட்டவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினொரு வருடம் அவரோடு வேலை செய்தவள் நான், அவர் என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். தாயின் மலரில் பிழை தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் சனம் கை நீட்டியபடி காத்து நின்றது.

கடைசியில் மூடினார். "உந்தப் பழைய பெட்டியிலையே செய்தனீர்?"

"ஓம் அண்ணை. நீங்கள் கழட்டி எடுத்ததுக்குப் பதிலா ஒண்டு வாங்கிப் போட்டனான்."

பக்கத்தில் நின்ற தமக்கை அவரைத் திரும்பிப் பார்த்தா. அவர் என்னுடைய பிரதியைத் தந்துவிட்டு, அடுத்தவருக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய காலடியில் இன்னும் இரண்டு பெட்டி மலர்கள் பிரிக்காமல் இருந்தன. அத்தனையையும் என் பெயரோடு அவர்தான் கொடுத்து முடிக்க வேண்டியிருந்தது.