முப்பத்தெட்டு ‘நொம்ப நல்லாருக்குங்க’

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஏற்காட்டுக்கு இயற்பியல் டீச்சராக மாற்றலாகி வந்த முதல் வருடமே, சேலம் அறிவியல் கண்காட்சியில் எங்கள் மானம் கப்பலேறியது. நடுவர் கேட்ட முதல் கேள்விக்கே எங்கள் பிள்ளைகள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த வருடம் உஷாரானேன். சேலம் போகும் முன் வகுப்பே குறை சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். போகவேண்டியது தலைச்சோலை கிராமத்துப் பவித்ராவின் சோலார் டிரையர். உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி, மேலே கண்ணாடி. அவள் அப்பா களத்தில் காயப்போடும் காப்பிக்கொட்டை அடிக்கடி மழையில் நனைந்துவிடுகிறதாம், அதற்காகச் செய்திருந்தாள். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தேன். திரும்பி வந்த முப்பத்தெட்டு சீட்டிலும் ஒரே வரி: ‘நொம்ப நல்லாருக்குங்க.’ ‘ரொம்ப’ இங்கே ‘நொம்ப’.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பெஞ்சில் இருந்த கோகிலாவைப் பிடித்தேன். அவள் பவித்ராவின் உயிர்த்தோழி, அதே ஊர்.

“ஏம்மா, ஒரு குறைகூடவா உன் கண்ணுல படல?”

“படுதுங்க டீச்சர். சொன்னா சாயங்காலம் ஜீப்புல எனக்கு எடம் புடிச்சு வெக்கமாட்டாளுங்க.”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் பீரியட் முக்கால் மணி நேரம், ஷேர் ஜீப்போ தினமும் இரண்டு வேளை. யார் பக்கம் சாய்வார்கள்?

ஏனுங்க

இந்த ஊரில் யாரையும் ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது தெரியாத காலத்தில், மளிகைக் கடைக்காரர் பின்னாலிருந்து “ஏனுங்க” என்றார். பருப்பை ஏன் வாங்கினேன் என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, “சாம்பாருக்குத்தான்” என்றேன். அவர் நான் மறந்த குடையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அசட்டுத்தனம் அன்று கைகொடுத்தது. “குறையே சொல்ல வேண்டாம். ‘ஏனுங்க’னு ஆரம்பிச்சு ஒரு கேள்வி கேளுங்க, போதும். தோழியா இருந்தாலும் மரியாதையா” என்றேன். வாடி போடி என்று பேசிப் பழகியவர்களுக்கு அதுவே பெரிய வேடிக்கை.

கோகிலா எழுந்தாள். “ஏனுங்க பவித்ரா, கொட்டையில இருக்கற ஈரம் வெளிய போறதுக்கு வழி எங்கீங்க?”

சூடு வெளியேறக் கூடாதென்று பவித்ரா நாலு பக்கமும் டேப் ஒட்டி அடைத்திருந்தாள். “சூட்டுல தானா போயிருமுங்க” என்றாள், விறைப்பாக.

“எது வழியாங்க?”

பவித்ரா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் கொண்டுவந்திருந்த பச்சைக்கொட்டை இரண்டு கை போட்டுப் பெட்டியை மைதானத்து வெயிலில் வைத்தோம். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால், கண்ணாடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. பவித்ராவின் முகம் சுண்டிவிட்டது. சேலத்துக்கு நாலே நாள். கோகிலாவைத் திரும்பியும் பாராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நம் உற்சாகத்தில் ஒரு நட்பையும் கெடுத்து, பிள்ளையின் தைரியத்தையும் கெடுத்தோமே என்று நொந்துபோனேன்.

மறுநாள் காலை பெட்டி வந்தது. கீழே நாலு துளை, மேலே நாலு. ஒரு பக்கம் பவித்ரா பிடித்திருந்தாள், மறுபக்கம் கோகிலா.

“எங்கூட்டு ட்ரில்லுங்க டீச்சர்” என்றாள் கோகிலா, பெருமையாக.

சேலத்தில்

நடுவர் பெட்டியைச் சுற்றி வந்து, “இந்தத் துளை எதுக்கும்மா?” என்றார்.

“மொதல்ல இல்லீங்க சார். ஈரம் எப்படிப் போகும்னு எங்க கோகிலா கேட்டாளுங்க. எனக்குப் பதில் தெரியலீங்க. அப்பறந்தான் போட்டோமுங்க.”

“பனிமூட்டமா இருந்தா?”

“காயாதுங்க சார். அதுக்கு இன்னும் யோசிச்சிட்டிருக்கோமுங்க.”

தெரியாததைத் தெரியாது என்று அவள் தலைநிமிர்ந்து சொன்ன அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாம் பரிசு அதற்குப் பிறகுதான் வந்தது.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளைகளைத் தீர்ப்பு எழுதச் சொல்லாதீர்கள், தெரியாததைக் கேட்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டதற்காக யாரும் யாரோடும் ‘டூ’ விடவில்லை.

திங்கட்கிழமை பவித்ரா வகுப்புக்குள் வந்ததும் சர்டிபிகேட்டைக்கூடக் காட்டவில்லை. நேராகக் கோகிலாவின் பிராஜெக்ட் நோட்டை இழுத்தாள். “இப்ப என் முறைடி” என்றாள்.

கோகிலா அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள்.