கடைசி ஓலையும் இருபதாவது டயரும்

அடையாறில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்குக் காற்று பிடிப்பவர் வால்டர். இருபத்தாறு வருடமாக அதே இடம், அதே மூலை. அந்தப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், ஆனால் முகம் தெரியாது. காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் எப்போதும் ஒரு குனிந்த முதுகுதான். கண்ணாடியைக்கூட இறக்காமல் விரலால் மூன்று, இரண்டு என்று காட்டிவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். முப்பத்திரண்டு பவுண்டு வைக்க வேண்டுமாம். வால்டர் குந்துவார், வைப்பார், எழுவார். ஒரு காருக்கு நாலு தடவை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவருடைய முட்டிக்குத்தான் தெரியும்.

ஐம்பத்தேழு வயதில் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மகள் ரெனிட்டாவின் ஓலையை மாதா கோயிலில் உட்கார்ந்து காதால் கேட்க வேண்டும்.

கல்யாணம் நிச்சயமானதும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை படிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று ஃபாதர் மைக்கில் சொல்வார். அரை நிமிஷம் ஆகாது. அந்த அரை நிமிஷத்துக்குத்தான் பெற்றவர்கள் இஸ்திரி போட்ட துணி உடுத்திக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருகிறார்கள். வால்டரின் பெயர் அவருடைய கல்யாணத்துக்குப் பிறகு எந்த மைக்கிலும் வந்ததில்லை. இனி வருவதற்கும் வழியில்லை, அவருக்கு ஒரே மகள்.

முதல் ஓலை அன்று பெட்ரோல் பங்கில் ஆள் இல்லை, வால்டருக்குக் காலையிலிருந்து இரவு வரை வேலை. இரண்டாவது ஓலை அன்று கோயிலுக்குப் போனார். தூணுக்குப் பக்கத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று. பிரசங்கம் தொடங்கியது நினைவிருக்கிறது. அப்புறம் மனைவி ஃப்ளோரன்ஸ் விலாவில் இடித்தது நினைவிருக்கிறது. நடுவில் மகளின் ஓலை போய்விட்டது. அவர் குறட்டை விட்டதாக ஃப்ளோரன்ஸ் இன்றுவரை சொல்கிறாள், அவர் இல்லை என்கிறார்.

மூன்றாவது ஞாயிறு காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை ஒரு கவரில் வைத்து அவர் கையில் திணித்தாள்.

"அஞ்சரைக்கு கெளம்பு. ஆறு மணி பூசை. பையன் வூட்டுக்காரங்க சைதாப்பேட்டைலேர்ந்து வர்றாங்க. இதையும் உட்டுட்டீனா, ஒனக்கோசரம் ஃபாதர் தனியா வந்து படிக்க மாட்டாரு."

"வந்துர்றேன் ஃப்ளோரி," என்றார் வால்டர். அவரும் நம்பித்தான் சொன்னார்.

ஜீப்காரர்களை அவர் கணக்கில் சேர்க்காமல் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஐந்தாறு பேர் பெரிய பெரிய ஜீப்புகளை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு தாண்டி ஏதோ பாழடைந்த கல்குவாரி, ஏரிக்கரை, சவுக்குத் தோப்பு என்று சுற்றுவார்கள். மணலிலும் கல்லிலும் ஏறுவதற்காக டயரில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிடுவார்கள். ஊர் திரும்பத் தாங்குமளவுக்கு வழியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, மீதியை வால்டரிடம் வந்து பிடிப்பார்கள். அவர்களிடமே குட்டி கம்ப்ரசர் உண்டு. அதில் ஒரு டயர் ஏறுவதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் வால்டர். காற்றை இறக்குவது அவர்கள் பொழுதுபோக்கு, ஏற்றுவது இவர் பிழைப்பு. பங்க் முதலாளிக்கு அவர்கள் வேண்டியவர்கள் ஆகையால் மேனேஜர் ஜெயராமும் வாயைத் திறக்க மாட்டார்.

நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஐந்து மணிக்கு வந்தார்கள். ஐந்து ஜீப், இருபது டயர். ஒவ்வொன்றும் வால்டரின் இடுப்பு உயரம், சேறும் செம்மண்ணும் அப்பிக் கிடந்தது.

வால்டர் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குந்தினார்.

காற்று பிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் காட்டுக்குப் போய்விட்டு வந்த வண்டிக்கு வால்டர் கூடுதலாக ஒரு வேலை செய்வார், யாரும் கேட்காமலே. டயரின் வெளிப்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். உள்பக்கத்தை எவனும் பார்ப்பதில்லை. காற்று குறைந்த டயர் கல்லில் பிதுங்கும்போது கிழிவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். மேலே மண் ஒட்டிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. முப்பத்திரண்டு பவுண்டு நின்று காட்டும். நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது சூடேறி வெடிக்கும். அதனால் வால்டர் தரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரத்துக்குப் பின்னால் முழங்கை வரை கையைவிட்டு ஒரு சுற்றுத் தடவிவிட்டுத்தான் மூடியைப் போடுவார். முட்டிக்கும் இடுப்புக்கும் அதுதான் கொலை. ஆனாலும் விட்டதில்லை.

பெட்ரோல் போடும் மெஹபூப் அலி அவர் படும் பாட்டைப் பார்த்துவிட்டு வந்தான்.

"மாமா, இன்னிக்குத்தான பொண்ணுக்கு ஓலை? ஹோஸ என்கிட்ட குடு. நான் காத்து வெக்கிறேன், நீ கைய மட்டும் உட்டுப் பாத்துகினே வா."

அப்படிப் போனதால் வேலை வேகமாக நடந்தது. பத்து, பதினைந்து, பத்தொன்பது. கடைசி ஜீப் மயிலாப்பூர் ஆடிட்டர் பத்ரிநாராயணனுடையது. கூட மகள் ஹம்சினி வந்திருந்தாள். தலை முதல் கால் வரை புழுதியோடு, சிரித்த முகமாக இருந்தாள்.

"அங்கிள், கரெக்டா வச்சிடுங்கோ. குளிச்சிட்டு ஏழு மணிக்கு இதே வண்டில பெங்களூர் கிளம்பறேன். நாளைக்கு ஆஃபீஸ்."

"ஆத்துல அவ அம்மா சாப்பாட்டை எடுத்து வச்சிண்டு காத்துண்டிருக்கா. கொஞ்சம் சீக்கிரம் விட்டுடுங்கோ வால்டர்," என்றார் பத்ரிநாராயணன். ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவர் சொல்கிறார் இதை.

இருபதாவது டயர் பாக்கி இருக்கும்போது, பெட்ரோலுக்கு வண்டி வரிசை கட்டிவிட்டது என்று ஜெயராம் மெஹபூபைக் கூப்பிட்டார். வால்டர் ஹோஸைத் தானே வாங்கி, குந்தி, காற்றை ஏற்றினார். முப்பத்திரண்டு. மூடியைத் திருகினார். எழுந்தார். மணி ஆறு பத்து.

பின்கட்டுக் குழாயில் அவசரமாக மணிக்கட்டுவரை கையைக் கழுவி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தார். உட்கார இடம் கிடைத்தது. தூங்கிவிடுவோமோ என்று பயந்து எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். திரு.வி.க. பாலம் தாண்டும்போது ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. ஒரு பொட்டுத் தூக்கத்துக்காக உடம்பு கெஞ்சியது. பட்டினப்பாக்கம் தாண்டி இறங்கி, ஓடாத குறையாக நடந்து, கோயிலுக்குள் நுழைந்தபோது காணிக்கைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஃப்ளோரன்ஸ் இரண்டாம் வரிசையில் கைப்பையை வைத்து அவருக்கு இடம் பிடித்திருந்தாள். பக்கத்தில் ரெனிட்டா. முன்வரிசையில் மாப்பிள்ளை ஆஸ்வினும், அவன் அப்பா இருதயராஜும், அம்மா சில்வியா டீச்சரும். டீச்சர் திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தார். தாமதத்தைக் குறித்துக்கொண்ட தலையசைப்பு அது. முப்பது வருடம் வருகைப்பதிவு எடுத்தவர்.

வால்டர் வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டார். தூக்கம் வரும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டார். ஃபாதர் அறிவிப்புத் தாளை எடுத்தார். மறைக்கல்வி வகுப்பு, இளைஞர் கூட்டம், கல்லறைத் திருநாள் வேலைகள். பிறகு தாளைத் திருப்பினார்.

"திருமண அறிவிப்பு. கடைசி ஓலை. சைதாப்பேட்டை பங்கைச் சேர்ந்த இருதயராஜ், சில்வியா இவர்களின் மகன் ஆஸ்வினுக்கும், நம் பங்கைச் சேர்ந்த வால்டர், ஃப்ளோரன்ஸ் இவர்களின் மகள்..."

வால்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் பெயர் கூரைவரை போய்த் திரும்பி வந்ததைக் கேட்டார். மகள் என்ற சொல்லையும் கேட்டார். அந்தச் சொல்லில் ரெனிட்டாவின் முகம் வர வேண்டிய இடத்தில், புழுதியோடு சிரித்துக்கொண்டு இன்னொருவர் மகள் வந்து நின்றாள். கரெக்டா வச்சிடுங்கோ அங்கிள். இருபதாவது டயர். காற்று வைத்தார், மூடி போட்டார், எழுந்தார். கையை விட்டுப் பார்க்கவில்லை. மெஹபூப் ஹோஸைப் பிடித்ததில் கைக்கு வேலை மாறிப்போய், கடைசியில் ஹோஸ் திரும்பி வந்தபோது கை தன் வேலையை மறந்துவிட்டது.

மணி ஏழாக எட்டு நிமிஷம் இருந்தது.

வால்டர் எழுந்தார். பக்கவழியில் போயிருக்கலாம், அது தோன்றவில்லை. நடுவழியில் இறங்கி, முந்நூறு பேர் பார்க்க, வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். முதுகுக்குப் பின்னால் மைக் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. வாசற்படியைத் தாண்டும்போது காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்.

ஓலை படிக்கும்போது பெண்ணைப் பெற்றவன் எழுந்து வெளியே போவதை அந்தக் கோயில் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெளியே மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் நின்று 'ஜீப் ஆடிட்டர்' என்று பதிந்திருந்த எண்ணைத் தேடி அழுத்தினார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை பத்ரிநாராயணன் எடுத்தார்.

"சொல்லுங்கோ வால்டர். அவ இப்பதான் வண்டியைக் கிளப்பிண்டிருக்கா."

"சார், எடுக்க வாணாம்னு சொல்லுங்க. பின்னாடி லெஃப்ட் டயரு."

"காத்து இல்லையா?"

"காத்து கரெக்டா கீது சார். உள்பக்கம் நான் கை உட்டுப் பாக்கல. மறந்துட்டேன். டார்ச்ச வெச்சிகினு படுத்து, ஒரு சுத்து தடவிப் பாருங்க சார். மண்ண தொடச்சிட்டுப் பாருங்க."

எதிர்முனையில் ஒரு சலிப்பு மூச்சு கேட்டது. "சரி, பாக்கறேன்," என்று போனை வைத்தார்.

அதற்குள் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்துவிட்டது. வால்டரைப் பார்த்ததும் பேச்சு குறைந்தது. தெரிந்தவர்கள்கூடச் சிரிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். ஃப்ளோரன்ஸ் வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"இன்னா பண்ணிட்ட நீ? இன்னாயா பண்ணிட்ட?"

பின்னாலேயே சில்வியா டீச்சர் வந்தார். குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லன்னா வீட்டுல வச்சுச் சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் முன்னாடி எழுந்து போயிருக்க வேண்டாம். எம்பையன் தலைகுனிஞ்சு உக்காந்திருந்தான்."

வால்டருக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. காலையிலிருந்து குந்தி எழுந்த அத்தனை தடவையும் சேர்ந்து காலில் இறங்கியது. ஐயோ அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தார். டயரைப் பற்றிச் சொன்னால் இவர்கள் சிரிப்பார்களா, அடிப்பார்களா?

ரெனிட்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையின் வலது கையில் செம்மண் ஊறியிருந்தது.

"எத்தினியாவது டயருப்பா?" என்றாள்.

"கடைசி," என்றார் வால்டர்.

"ஆன்ட்டி," என்று ரெனிட்டா டீச்சரிடம் திரும்பினாள். "எங்கப்பா ஒரு டயர பாக்காம உட்டுட்டு வந்துட்டாரு. வேற ஒண்ணும் இல்ல."

"டயரா?" என்றார் டீச்சர். "பொண்ணோட ஓலையை விட்டுட்டு?"

போன் அடித்தது. வால்டரின் போனில் காதுவைத்தால் கேட்காது, வெகுநாளாக ஸ்பீக்கர்தான். ஹம்சினியின் குரல் நடுங்கியது.

"அங்கிள், விரல் நீளத்துக்கு வெட்டு. உள்ள நூலெல்லாம் தெரியறது. அப்பா கைய வச்சுப் பாத்துட்டுப் படியில உக்காந்துட்டா. நான் இந்நேரம் ஹைவேஸ்ல... அங்கிள், இருக்கேளா?"

"இருக்கேம்மா. ஸ்டெப்னி மாத்திட்டு, விடிஞ்சப்புறம் போம்மா."

"இன்னிக்குப் போகலை அங்கிள். அம்மா அழுதுண்டிருக்கா."

போன் அணைந்தது. சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று. இருதயராஜ் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சில்வியா டீச்சர் வால்டரின் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "ஓலை எதுவரைக்கும் காதுல விழுந்தது?"

"மகள்ன்றது வரிக்கும் கேட்டேம்மா," என்றார் வால்டர். "பேரு கேக்கல." அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று ஞாயிறும் போய்விட்டதே என்ற ஆற்றாமை. களைப்பில் அதை மறைக்கவும் தெம்பில்லை.

டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். வகுப்பின் கடைசி பெஞ்சுவரை எட்டும் குரலில், ஒரு சொல் பிசகாமல் ஆரம்பித்தார்.

"கடைசி ஓலை. சைதாப்பேட்டை பங்கைச் சேர்ந்த இருதயராஜ், சில்வியா இவர்களின் மகன் ஆஸ்வினுக்கும், நம் பங்கைச் சேர்ந்த வால்டர், ஃப்ளோரன்ஸ் இவர்களின் மகள் ரெனிட்டாவுக்கும் திருமணம் நடைபெற உள்ளது."

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். வால்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்," என்று முடித்துவிட்டு டீச்சர் அவரைப் பார்த்தார். "இருக்கா, சம்பந்தி?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப உக்காருங்க. கால் நடுங்குது உங்களுக்கு."

கெபியைச் சுற்றியிருந்த சிமெண்டு மேடையில் வால்டர் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது.