ஓரக்கண்ணால் பார்ப்பவள்

ஊர் முடிந்து வயல்வெளி தொடங்கும் இடத்தில் அவளுடைய ஆட்டுப்பட்டி இருந்தது. கணவன் மினிபஸ் ஓட்டினான். ஆடுகள் முழுக்க அவள் பொறுப்பு. ஆட்டுக்காரம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எந்த ஆடு குட்டி போடத் திணறினாலும் அக்கம்பக்கத்தார் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கையை உள்ளே விட்டு, மாறிக் கிடக்கும் குட்டியை நேராக்கி இழுத்துவிடுவாள்.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. பட்டிக்குப் பின்னால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, கொசு மொய்த்தது. கொசு எங்கேதான் இல்லை என்று அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை சினை ஆடு ஒன்று மாதம் நிரம்பாமலே செத்த குட்டியை வீசியிருந்தது. மறுநாள் இன்னும் சில. வாரம் முடிவதற்குள் சினை ஆடுகள் எல்லாமே வீசிவிட்டன. இளங்குட்டிகளும் சுருண்டு விழுந்தன. நஞ்சுக்கொடியையும் செத்த குட்டிகளையும் வெறுங்கையால் அள்ளிப் புதைத்தாள். அழக்கூட நேரமில்லை.

கால்நடை மருத்துவர் வந்து ரத்தம் எடுத்துப் போனார். முடிவு வருவதற்குள் அவளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். இது வைரஸ், கொசு கடித்து ஆட்டுக்கு வந்தது, அந்த ரத்தத்தைத் தொட்டால் மனிதருக்கும் தொற்றும் என்று மருத்துவர் விளக்கினார். கையுறை போட்டிருக்கலாமே என்று வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

காய்ச்சல் விட்டது. சில வாரம் கழித்துப் பார்வை போயிற்று. முழுதாக அல்ல, எதைப் பார்த்தாலும் நடுவில் மட்டும் சாம்பல் அப்பியதுபோல் இருந்தது. விழித்திரையில் தழும்பு விழுந்துவிட்டது என்றார் கண் மருத்துவர். கணவனின் முகம் தெரிய வேண்டுமென்றால் அவன் தோளுக்கு அப்பால் பார்க்க வேண்டும்.

"என்னப் பார்த்துப் பேசமாட்டியா?" என்றான் அவன், விஷயம் புரியாமல்.

"உங்களப் பார்க்கத்தான் அங்க பார்க்கிறேன்."

அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, "கல்யாணம் ஆன புதுசுலகூட நீ என்னை ஓரக்கண்ணால பார்த்ததில்ல" என்றான். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொசு தன் பசிக்குக் குடித்தது. ஆடு வலியில் துடித்தது. துடித்ததைத்தான் இவள் தொட்டாள்.

கணவனின் அக்கா மிச்ச ஆடுகளை விற்றுவிடச் சொன்னாள். இப்போதெல்லாம் அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவாள். தப்பு சொல்ல முடியாது. அவள் வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள். ஆனால் நோய் வந்து பிழைத்த உடம்பை அது மறுபடி அண்டாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார்.

"நானும் அதுங்களும் ஒரே காய்ச்சல்ல கிடந்து எழுந்திருக்கோம் அண்ணி. எப்படி விக்கிறது?"

கணவன் மண் கொட்டிப் பள்ளத்தை மேடாக்கினான். அடுத்த பருவத்தில் ஆடுகள் சினை பிடித்தன.

குட்டி போடும் நாள் வந்து முதல் ஆடு திணறியபோது அவள் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரப்பருக்குள் விரல்கள் மரத்ததுபோல் இருந்தன. முன்னங்காலா பின்னங்காலா என்றே பிடிபடவில்லை. கண் போனதைவிட இது அவளை அதிகம் தவிக்கவைத்தது.

"கழட்டிடேன். உனக்குத்தான் மறுபடி வராதுன்னாரே" என்றான் கணவன்.

"இது இல்லன்னா வேற ஒண்ணு வரும். இருங்க."

கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவினாள். மூட்டு எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்த்தாள். முன்னங்கால்தான். வெளியே வந்த குட்டி, எழுந்து நிற்கவே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. அவள் அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.