மூன்று விரற்கடை தாழ்ந்த கார்

பெண் பார்க்கப் போகிறவர்கள் முடி வெட்டிக்கொள்வார்கள். என் மாமா கார் ஸ்பிரிங்கை வெட்டினார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெங்களூர் பிரேசர் டவுனில் எங்களோடுதான் இருந்தார். பின்சக்கரம் தள்ளி ஓடும் பழைய கார் ஒன்று அவரிடம் இருந்தது. சர்ச் பாடகர் குழுவில், பக்கத்து ரிச்சர்ட்ஸ் டவுன் பெண் ஒருவரைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. முன்னே மூன்று வரன்கள் தட்டிப்போனபோது சிரித்துக்கொண்டிருந்த மனிதர், இதுவும் போனால் கல்யாணப் பேச்சையே எடுக்காதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். பெண் பாலிடெக்னிக்கில் வண்டிப் பாடம் நடத்துகிறவர் என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. வண்டி தரையோடு பதுங்கி நின்றால்தான் கெத்து என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, ஸ்பிரிங்குகளை வெட்டி மூன்று விரற்கடை இறக்கிக்கொண்டு வந்தார். வெட்டிய வளையம் ஒன்று எனக்குப் பென்சில் ஸ்டாண்டாகக் கிடைத்தது.

எங்கள் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு நடந்தே போகலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் நடந்து போனால் நன்றாக இருக்குமா? மாமா, அப்பா, அம்மா, பெரியம்மா, நான் என ஐந்து பேர் ஜெபம் பண்ணிவிட்டு ஏறினோம். வேகத்தடைக்குப் போட்ட முதல் ஹம்ப்பிலேயே வண்டியின் வயிறு தட்டியது. அதன்பின் ஒவ்வொரு ஹம்ப்புக்கும் இறங்கி, பட்டுப்புடவைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டி, மறுபடி ஏறினோம். "ஏன் சார், காடி கூத்பிட்டிதா?" என்று கன்னடத்தில், வண்டி உட்கார்ந்துவிட்டதா என அக்கறையாக விசாரித்தார் ஒரு ஆட்டோக்காரர். பாதி வழி நடந்தே போய்விட்டோம்.

பெண் வீட்டு வாசலில் சாக்கடைக்கு மேலே செங்குத்தாக ஒரு சிமெண்டு ஏற்றம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெண்ணின் அப்பா வெள்ளைச் சட்டையில் கேட்டைத் திறந்துவைத்து, "வாங்க, வாங்க" என்றார். நாங்கள் எங்கே வர? மாமா மிதிக்க மிதிக்கப் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. பின்னால் பாரம் போதவில்லை என்று கண்டுபிடித்த அப்பா, என்னைத் தூக்கி டிக்கியில் உட்காரவைத்துத் தானும் ஏறிக்கொண்டார். வண்டி இன்னும் தாழ்ந்து, டயர் பாடியில் உரசி, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. தள்ளிவிட வந்த பெண்ணின் அப்பாவுக்குச் சட்டை பூராவும் சேறு. "கர்த்தரே!" என்று பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் பெண் வெளியே வந்தார். கையில் காபித் தட்டு இல்லை, மடக்கிய குடை இருந்தது. மாமாவைப் பார்க்கவே இல்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"ஸ்பிரிங்க வெட்டினீங்களா?"

"ச்சேச்சே, அதெல்லாம் இல்லைங்க. ஆளுங்க ஜாஸ்தி."

"வெட்டினாங்க," என்றேன் டிக்கியிலிருந்து. "ஒண்ணு எங்கிட்ட இருக்கு. பென்சில் வச்சிருக்கேன்."

அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் நான்கு நாள் சிவந்திருந்தது.

பெண் சிரிக்கவில்லை. குடையைக் கம்பிபோலச் சாய்த்துப் பிடித்துக் காட்டிப் பாடமே நடத்தினார். "சக்கரத்தையும் வண்டியையும் சேக்குற கம்பி இப்படி முன்பக்கம் தூக்கி இருக்கணும். அப்பதான் மிதிக்கும்போது சக்கரத்தத் தரையில அமுக்கும். நீங்க வண்டிய எறக்கி, அதைக் கவுத்துட்டீங்க. இப்ப எவ்ளோ மிதிக்கிறீங்களோ அவ்ளோ பிடிப்பு போகும்." மாமா பள்ளிக்கூடப் பையன் போலத் தலையாட்டினார்.

வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போய்க் காபி குடித்தோம். காரியம் கெட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பொய் வேறு சொல்லி மாட்டிக்கொண்டாயிற்றே! திரும்பும்போது யாரும் என்னோடு பேசவில்லை. என் வாயால் மாமாவின் வாழ்க்கை போயிற்று என்று நான் வண்டிக்குப் பின்னால் நடந்தபடி டிக்கியைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

ஆனால் அடுத்த சனிக்கிழமையே மாமா புது ஸ்பிரிங் போட்டுக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று காட்டிவிட்டு வரக் கிளம்பினார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். அந்த ஏற்றத்துக்குக் கீழேயே வண்டியை நிறுத்தி, "இன்னும் ஏற மாட்டேங்குதுங்க," என்றார். பெண் குனிந்து பார்த்து, ஏதோ சரியில்லைதான், அடுத்த வாரம் கொண்டுவாருங்கள் என்றார். அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமா உள்ளே தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, உண்மையைப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, வண்டி நல்லா ஏறுது. எங்க தெருவுல இதவிடப் பெரிய ஏத்தம் இருக்கு. சர்ருனு ஏறுது."

"தெரியும்," என்றார். கையில் ஒரு பெரிய கேக் துண்டைத் திணித்து, "சாப்பிடு. பேசாதே," என்றார்.

கேக்கைத் தின்றுகொண்டே யோசித்தேன். பழுதில்லை என்று தெரிந்தும் வாராவாரம் வரச்சொல்கிற இவரிடம் படிக்கிற பிள்ளைகள் எப்படித்தான் பாஸாகப் போகிறார்களோ என்று எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.