மயங்கி விழித்த லிஃப்ட்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது கொழுந்தன்தான். அவன் அங்கே மெக்கானிக். "எங்க அண்ணி சிப்புக்கு புரோகிராம் எழுதுவாங்க" என்று முதலாளியின் காதைத் துளைத்து, குழந்தை பிறந்தபின் வீட்டோடு கிடந்தவளை இழுத்துக்கொண்டு போய் மேசை முன்னால் உட்காரவைத்தான். போகப் போகக் கம்பெனிக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். தலை நரைத்த முதலாளியும் கூச்சமே இல்லாமல் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

பழைய சரக்கு லிஃப்ட்டுகளுக்குப் புது கண்ட்ரோல் போர்டு செய்வது அவள் வேலை. போர்டிலுள்ள சிப்புக்குள் வாட்ச்டாக் என்று ஒன்று உண்டு. பெயர்தான் நாய், குரைக்காது. புரோகிராம் அடிக்கடி அதைத் தட்டி, "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டல் நின்றால், புரோகிராம் மயங்கிவிட்டது என்று முடிவுகட்டி, மூஞ்சியில் தண்ணீர் அடித்து எழுப்புவதுபோல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவைக்கும். மயங்கி எழுந்த யாரும் கேட்பதைத்தான் லிஃப்ட்டும் கேட்கும்: நான் எங்கே இருக்கிறேன்? அவள் எழுதியிருந்தபடி, அது மெதுவாகக் கீழே இறங்கித் தரைத்தளத்தைத் தொட்டுத் தெரிந்துகொள்ளும். முதலாளிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஒரு துணிக் கிடங்கில் அந்த போர்டை மாட்டினார்கள். கொழுந்தன் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, அது வழுக்கிச் செல்லும் சுவர்க் கம்பிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கூரைமேல் இருக்கும் பராமரிப்பு சுவிட்சை வாசலிலிருந்தே எட்டித் திருப்பிவிட்டுத்தான் ஏறியிருந்தான். அதைத் திருப்பினால் பெட்டி தானாக நகராது. அவள் உச்சியில், மோட்டார் அறையில் நின்றாள். கீழே யாரோ வெல்டிங் மெஷினைப் போட்டார்கள். விளக்கு மங்கியது, சிப் மயங்கியது, நாய் எழுப்பியது. மோட்டாரை ஓட்டும் ரிலே 'டக்'கென்றது.

அந்த டக் வரவே கூடாது. பாய்ந்து மெயினை அணைத்தாள். தவறு எங்கே என்பது அணைக்கும்போதே புரிந்துவிட்டது. சுவிட்சைத் திருப்பும் கணத்தை மட்டும்தான் அவள் புரோகிராம் கவனித்து நினைவில் வைத்திருந்தது. மயக்கத்தில் அந்த நினைவு போய்விட்டது. சுவிட்ச் இப்போதும் திரும்பித்தான் இருக்கிறதா என்று எழுந்த பிறகு அது பார்க்கவே இல்லை.

"தம்பி! தம்பி!" கயிறு இறங்கும் ஓட்டை வழியே கத்தினாள்.

"என்ன அண்ணி, காது கிழியுது!"

"பெட்டி நகரலையா?"

"எப்படி நகரும்? சிவப்பு பட்டனையும் அமுக்கிட்டுதானே ஏறினேன்."

கூரைமேல் இருக்கும் அந்த பட்டன் எந்த புரோகிராமையும் கேட்காது. மோட்டாருக்குப் போகும் கரண்டையே நிறுத்திவிடும்.

"என் போர்டு மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு யார் போர்டு மேலயும் கிடையாது."

கோபமா? எதிரில் நின்றிருந்தால் பெரியவள் சின்னவன் என்று பார்க்காமல் அவன் காலில் விழுந்திருப்பாள்.

முதலாளியிடம் மென்று முழுங்காமல் சொன்னாள். போர்டைக் கழற்றிக்கொண்டு போய்த் திருத்தி எழுதினாள். விழித்ததும் முதலில் மோட்டாரைப் பூட்ட வேண்டும். அடுத்து சுவிட்ச் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். திரும்பியிருந்தால் அசையவே கூடாது. திரும்பாமல் இருந்தாலும், ஆள் வந்து போர்டிலுள்ள பட்டனை அமுக்கும்வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

"வாங்கினவங்க நச்சரிப்பாங்களே அண்ணி" என்றார் முதலாளி.

"நச்சரிக்கட்டும்."

மறுபடி கிடங்குக்குப் போனபோது, "இந்தத் தடவை நான் ஏறுறேன். நீ மேல போய் ரீசெட் பண்ணு" என்றாள்.

"நீங்களா? அண்ணன் என்னை வீட்டுக்குள்ள சேர்ப்பானா?"

"நீ ஏறினப்ப நான் யாரைக் கேட்டேன்?"

கூரைமேல் இருட்டும் எண்ணெய் நாற்றமும். சுவிட்சைத் திருப்பிவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"சிவப்பு பட்டன்?" என்று மேலிருந்து கேட்டான்.

"அதை அமுக்கிட்டா அப்புறம் என்ன சோதனை?"

"ரிலே அடிச்சா எனக்கு இங்க கேக்கும். அமுக்குங்க. இல்லேன்னா நான் ரீசெட் பண்ணமாட்டேன்."

அமுக்கினாள். மேலே அவன் ரீசெட் செய்தான்.

"அண்ணி! ரிலே அடிக்கல! கம்முனு இருக்கு!"

பிசுக்கேறிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் ஓவென்று அழுதுவிட்டாள். "நீ நல்லா இருக்கணும் தம்பி!"

"என்ன சொல்றீங்க? சரியா கேக்கல!"

"நல்லா இருக்கணும்னேன்!"

"சரி சரி, மொதல்ல இறங்குங்க. நீங்க இறங்குற வரைக்கும் நான் இங்க எதையும் தொடமாட்டேன்."