ஒரு பாட்டுக்கு ஒரு சட்டை

என் அக்காவுக்குக் கோபம் வராது. அதனால் அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எவளாவது அவள் பென்சிலை எடுத்துக்கொண்டால் "போனாப் போகுது" என்பாள். நான் போய் அந்தப் பெண்ணின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பென்சிலை மீட்டு வருவேன். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பை கவிழ்க்கும் வேலை இன்னும் ஓயவில்லை.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஜன்னல் இல்லாத அறை. ஐந்து நாற்காலி, ஐந்து பெண்கள். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது இவர்கள் குரல்தான். எந்த வார்டு என்று கேட்டு, அங்கே யாராவது போனை எடுக்கும்வரை கூப்பிட்டவரைக் காத்திருப்பில் போடுவார்கள். காத்திருப்பவர் காதில் பாட்டு ஓடும். அந்தப் பாட்டு டெலிபோன் அறையில் இருப்பவர்களுக்குக் கேட்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வருஷக் கடைசி விடுமுறை வந்ததும் அந்தப் பாட்டை மாற்றிவிடுவார்கள். மணிகள் குலுங்கும், கைதட்டல் கேட்கும், ஒரு கும்பல் சிரித்துக்கொண்டே பாடும். கடைகளில் துணி விற்க ஓடவிடும் அதே சமாச்சாரம். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில், தன் அம்மாவை அவசரப் பிரிவில் சேர்த்திருந்த ஒருவர் கூப்பிட்டார். அங்கே ஏழு நிமிஷம் யாரும் போனை எடுக்கவில்லை. அக்கா திரும்ப அவர் இணைப்பில் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் கத்தவில்லை. "நான் எவ்வளவு நேரம் வேணாலும் இருக்கேம்மா. அந்த மணிச் சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க" என்றாராம்.

அக்கா அதை மேலே எழுதிப் போட்டாள். விடுமுறை என்றால் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. யாருடைய சந்தோஷம்? விடுமுறையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்பவன் கும்மாளம் அடிக்கவா செய்கிறான்?

அந்த வருஷம்தான் அக்கா முதல் சிடியைத் தயாரித்தாள். விடுமுறைப் பாட்டுகள்தான், ஆனால் மெதுவானவை, யாரும் கடையில் போடாதவை. ஒரு முதியோர் இல்லத்துக் குழு பாடியது ஒன்று. அதில் ஒரு பாட்டி எல்லோரும் முடித்தபிறகு கடைசி வார்த்தையைத் தனியாக முடிப்பார். குதிக்க வேண்டிய பாட்டை யாரோ தூங்கப் போகிற மாதிரி வாசித்த ஒன்று. மொழியே தெரியாத தாலாட்டு ஒன்று. மொத்தம் பதினான்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பதினான்கு, அதில் முதியோர் இல்லத்துப் பாட்டு மட்டும் மாறாது.

தேர்ந்தெடுக்க அவளுக்கு ஒரு முறை உண்டு. சாயங்காலம் அத்தானின் சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு இஸ்திரி போடுவாள். ஒரு பாட்டுக்கு ஒரு சட்டை. பாட்டு முடிவதற்குள் சட்டை முடிந்துவிட்டால், கையை அவசரப்படுத்திய பாட்டு என்று அதைத் தள்ளிவிடுவாள். காலர் மட்டும் மிச்சமிருக்கும்போது பாட்டு முடிந்தால் அது பாஸ். இது என்ன பரீட்சை என்று நான் கேலி செய்யாத வருஷம் இல்லை. அத்தானுக்கு மட்டும் இதில் குறையே கிடையாது. "வருஷத்துல ரெண்டு மாசம் நான் கலெக்டர் மாதிரி திரியுறேன். நீ எதுக்கு அதைக் கெடுக்கிற?" என்பார்.

சிடி யாருக்கு என்பதற்கும் ஒரு விதி வைத்திருந்தாள். விடுமுறை பதினொரு நாளும் லீவு போடாமல் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும். கேட்டால் கிடைக்காது, வேலை பார்த்திருந்தால் கேட்காமலே கிடைக்கும். லிஃப்ட்காரர், பிணவறைக் காவலாளி, இரண்டு நர்சுகள், பேக்கரியில் அடுப்படியில் வேகும் நான் என்று இருபது பேருக்குள்தான் இருக்கும். இந்தக் காலத்தில் சிடியை எதில் போட்டுக் கேட்பது என்று ஒருமுறை கேட்டேன். "தேடிப் பிடிச்சுப் போடறவங்க கேட்டாப் போதும்" என்றாள்.

ஏழாவது பாட்டு எப்போதும் பாடகர் அல்லாத ஒருவருடையது. அக்காவே போனில் பதிவு செய்வாள். போன வருஷம் சலவைப் பிரிவில் வேலை செய்யும் அம்மா. அறுபது வயதை நெருங்குகிறவர். எல்லோரும் அவரைச் சலவையம்மா என்றுதான் சொல்வார்கள். வெள்ளைப் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது வாய் திறக்காமல் ஏதோ ஒரு மெட்டை முனகுவார். குரல் நடுவில் உடையும், அவர் பாட்டுக்கு அங்கிருந்தே தொடர்வார். அதைப் பதிவு செய்யலாமா என்று கேட்க அக்கா மூன்று வாரம் சலவைப் பிரிவுக்கு நடந்தாள். கடைசியில் சம்மதித்தார்.

"உன் ஆளுங்க இருபது பேர் கேட்கட்டும். அதுக்கு மேல ஒருத்தர் காதுக்கும் போகக் கூடாது. என் குரல் எனக்கே சிரிப்பா இருக்கும்" என்றார்.

"போகாதும்மா. நான் சொல்றேன்ல" என்றாள் அக்கா.

அக்கா சொன்னால் சொன்னதுதான். அவளிடம் சொத்து என்று இருப்பது அந்த ஒரு சொல்தான்.

அந்த வருஷம் பார்த்து, யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று டெலிபோன் அறை மேற்பார்வையாளர் பதினொரு நாளும் வேலைக்கு வந்து தொலைத்தார். அக்கா விதியை எடுத்துக்கொண்டு நின்றாள். "வேணாம்க்கா, அந்த ஆளுக்கு மட்டும் குடுக்காதே" என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "அவரும் வேலை பார்த்தாரே" என்று ஒரு சிடியைக் கொடுத்தாள். இருபது பேரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லித்தான் கொடுத்தாள். அவர் தலையாட்டினாராம். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

அடுத்த விடுமுறைக்கு முந்திய வாரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் அக்காவின் செல்போன் லாக்கரில் இருக்கும். சாயங்காலம் ரொட்டி எடுத்து வரட்டுமா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். வேறொரு பெண் எடுத்து, "இருங்க, குடுக்கிறேன்" என்று காத்திருப்பில் போட்டாள். காதில் முதியோர் இல்லத்துப் பாட்டு. ஆனால் கிழவர்கள் எல்லாரும் ஓட்டப்பந்தயம் ஓடுகிற மாதிரி பாடினார்கள். நாற்பது விநாடியில் வெட்டி அடுத்தது. அதன்பிறகு ஒரு கீச்சுக் குரல், எலி பொறியில் மாட்டிய மாதிரி. அது நடுவில் உடைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சலவையம்மா. என் கையில் இருந்த ரொட்டித் தட்டு கீழே விழுந்தது.

குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது பூமாலையைத் தன் யோசனை என்று சொல்லிக்கொள்ளாது. இந்த மேற்பார்வையாளர் சொல்லிக்கொண்டார். காத்திருப்பவர்களுக்கு வித்தியாசமான இசை, அதுவும் வேகமாக ஓடவிட்டால் நேரம் போவது தெரியாது என்று அறிக்கை எழுதி, வருஷத்தின் சிறந்த யோசனை என்று சான்றிதழ் வாங்கி, அறிவிப்புப் பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். பெற்றவள் ஒருத்தி, பேர் வாங்கியது இன்னொருத்தர். அறிவிப்பைப் பார்த்த அக்காவும் ஏதோ வேறு இசை என்று நினைத்துவிட்டாள். காத்திருப்புப் பாட்டு அந்த அறைக்குள் கேட்காது என்றேனே, அதனால்தான்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். முதல் முறையாக அவள் "போனாப் போகுது" என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் நேராகச் சலவைப் பிரிவுக்குப் போனாள். சலவையம்மா மடித்துக்கொண்டே நிமிராமல் பேசினார்.

"எனக்கு மூணு நாளைக்கு முன்னாடியே தெரியும். காய்ச்சல், வர முடியாதுன்னு சொல்லப் போன் பண்ணேன். நீதான் எடுத்த. இருங்கம்மான்னு சொல்லி என்னைப் போட்டுட்டுப் போயிட்ட."

அக்கா தன் கையாலேயே பொத்தானை அழுத்தி அவர் குரலை அவருக்கே கீச்சிடக் கேட்க வைத்திருக்கிறாள்.

"கேன்டீன்ல எலிப் பாட்டுன்னு பேர் வச்சிருக்காங்க. சின்னப் பிள்ளைங்க, சிரிக்கிறாங்க. அதுங்க மேல தப்பு இல்ல" என்றார் அவர்.

அக்கா மேற்பார்வையாளரிடம் போய் ஏழாவதை மட்டுமாவது எடுத்துவிடச் சொன்னாள். "அதுதான் மேடம் ஹிட்டே! மாத்தணும்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார் அவர். இதைக் கேட்டதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அக்கா வாசலில் வந்து மறித்தாள். "நீ வந்தா ஒருநாள் கத்துவே. மறுநாள்ல இருந்து நான்தான் அங்க உக்காரணும். சும்மா இரு."

சும்மா இருந்தேன். எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

விடுமுறையின் முதல் நாள் அக்கா காத்திருப்புப் பொத்தானைத் தொடவில்லை. யார் கூப்பிட்டாலும், "லைன்லயே இருங்க, நானும் இருக்கேன்" என்று சொல்லி, வார்டில் எடுக்கும்வரை அவர்களுடனேயே இருந்தாள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "சாப்பிட்டீங்களா?", "அங்க மழையா?" என்று ஒரு வார்த்தை, பிறகு மௌனம். ஒருவர் ஒன்பது நிமிஷம் அவள் காதில் அழுதாராம். மணிக்கு அறுபது அழைப்பு எடுக்கும் இடத்தில் இருபது எடுத்தாள். மறுநாள் பக்கத்து நாற்காலிப் பெண்ணும் பொத்தானை விட்டாள். மூன்றாம் நாள் ஐந்து பேரும்.

மேற்பார்வையாளர் குதித்தார். "அழைப்பு எல்லாம் தேங்கி நிக்குது! ஏன் காத்திருப்புல போட மாட்டேங்கறீங்க?"

"போட்டே ஆகணும்னு எழுதியிருக்கா சார்? எங்கன்னு காட்டுங்க, போடறோம்" என்றாள் அக்கா.

எழுதியிருக்கவில்லை. விதியைப் பற்றி என் அக்காவிடம் யாரும் மோதக் கூடாது. நான்காம் நாள் மேலிடத்திலிருந்து ஆள் வந்து அந்தப் பாட்டையே தூக்கிவிட்டார்கள், இப்போது போன் அடிக்கிற வெறும் ட்ரிங் ட்ரிங் சத்தம்தான். அறிவிப்புப் பலகையில் சான்றிதழ் மட்டும் அப்படியே தொங்குகிறது. நியாயம் பாதி தூரம் நடந்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

நான் இதை வெற்றி என்று நினைத்தேன். அக்கா சலவைப் பிரிவுக்குப் போய், எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். "அங்க எடுத்துட்டாங்க. என் காதுல இருந்து யார் எடுப்பா?" என்றார் சலவையம்மா. அவர் இப்போது மடிக்கும்போது முனகுவதில்லை. முனகத் தொடங்கினால் எலி கேட்கிறதாம். எத்தனை வருஷப் பழக்கம்! நாற்பது விநாடியில் முடித்துவிட்டார்கள்.

இந்த வருஷம் சிடி கிடையாது என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். அத்தானின் சட்டைகள் கசங்கிக் கிடந்தன. விடுமுறை முடிய மூன்று நாள் இருக்கும்போது சலவையம்மாவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"நானும் பதினொரு நாளும் வேலைக்கு வரேன். எனக்குச் சேர வேண்டியது எங்க?"

"இந்த வருஷம் சிடி போடலைம்மா" என்றாள் அக்கா.

"ஏழாவதுக்கு இங்க வந்து போனை வச்சுக்கோ. மடிக்கிற சத்தம் வேணா எடுத்துக்கோ. வாயைத் திறக்க மாட்டேன்."

அக்கா அதைப் பதிவு செய்து சிடியை முடித்தாள், எனக்கும் ஒன்று வந்தது. ஏழாவதில் விரிப்பை உதறும் சத்தம், கை தடவும் சத்தம், அடுக்கின் மேல் அடுக்கு விழும் சத்தம். பாதிக்கு மேல் ஓரிடத்தில் ஒரு மூச்சு, பாட ஆரம்பிப்பவர்கள் இழுப்பது போல. பிறகு மறுபடியும் துணிதான். பதின்மூன்று வருஷம் கேலி செய்த நான் அன்று ஒரு சட்டையை எடுத்து வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்தேன். ஏழாவது முடிந்தபோது பாதிச் சட்டைகூட ஆகவில்லை.

மேற்பார்வையாளருக்கும் ஒன்று கொடுத்தாள். ஆமாம், கொடுத்தாள்! இந்த வருஷமும் அவர் பதினொரு நாளும் வந்திருந்தார், விதி விதிதானாம். நான் அவளுடன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே அவள் வீட்டுக்குப் போனேன். அத்தானின் நீலச் சட்டையை மேசையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆள் கேட்டானா, இல்ல இதையும் ஓடவிட்டு இன்னொரு சான்றிதழ் வாங்கப் போறானா?" என்றேன்.

"கேட்டிருக்கார். இன்னிக்கு வந்து, ஏழாவது பாட்டு சரியா பதிவாகலை போல மேடம், வெறும் துணிச் சத்தம்தான் வருதுன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"சரியாத்தான் பதிவாகியிருக்கு சார். நீங்க மிச்சம் வச்சது அவ்வளவுதான்னேன்."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் முதுகில் ஓரிடத்திலேயே நின்றது. கருகும் வாடை வந்தது, பிறகு புகை. அவள் முகத்தைப் பார்த்தேன், பை கவிழ்க்கப் போகும்போது என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். பெட்டியை எடு என்று நான் சொல்லவில்லை.