கத்தினால் கதவு திறக்காது

என் மகனுக்கு மூன்று வயதாகப் போகிறது, பேச்சு வரவில்லை. அதனால் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஸ்பீச் தெரபிக்கு அழைத்துப் போகிறேன்.

"அழுது கத்துனா எதுவும் குடுக்காதீங்கம்மா. மெதுவா வாயால கேட்டா உடனே குடுத்துட்டு, கைதட்டி சூப்பர்னு சொல்லுங்க" என்பார் தெரபிஸ்ட் மேடம். வீட்டில் பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டு அதையே செய்து வந்தேன். அவன் கத்தினால் "ஸ்ஸ்" என்பேன். "தொற" என்பதற்கு "தொ" என்றாலே மூடியைத் திறப்பேன்.

ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஒரு நிமிடந்தானே என்று குளியலறைக்குள் போனேன். பையன் வெளியே கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான். வீட்டில் வேறு யாருமில்லை.

"டேய், தொறடா! பால் பொங்குதுடா!" என்று கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன். கதவிடுக்கில் அவன் கால்கள் தெரிந்தன, அசையவில்லை. "ஸ்ஸ்" என்று சத்தம் மட்டும் வந்தது.

தீய்ந்த வாடை அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, மேடம் மாதிரியே குழைவாக, "தொ...ற" என்றேன்.

உடனே தாழ்ப்பாள் விலகியது. "சூப்பர்!" என்று கைதட்டினான் என் பிள்ளை. அவன் பேசிய முதல் முழு வார்த்தை!

அடுப்பை அணைத்தேன். பாத்திரம் கரியாகியிருந்தது, போகட்டும்.

அந்தத் தாழ்ப்பாளை அன்றே கழற்றிவிட்டோம். அடுப்பு எரியும்போது நான் எங்கும் நகர்வதில்லை. வீட்டில் யாரிடம் எது கேட்டாலும் கத்தாமல்தான் கேட்கிறேன். மகன் உடனே செய்கிறான். என் கணவரைத்தான் ஒருமுறை சிதம்பரத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.